வெல்லத்துக்கு மாறிட்டா போதுமா? சுகர் உள்ள வீட்டு அடுப்பங்கரைக்கு ஒரு கணக்கு

சனிக்கிழமை சாயங்காலம் உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் இறங்குகிறவர்களின் பைகளைப் பார்த்தால், எந்த வீட்டில் யாருக்கு சுகர் என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலை நகர், சிறுசேரி என்று வேலைக்குப் போய், வாரக் கடைசியில் ஊர் திரும்பும் பிள்ளைகள். பையில் ஒரு கிலோ நாட்டுச் சர்க்கரை, பனை ஓலைப் பெட்டியில் கருப்பட்டி, ஒரு தேன் பாட்டில். கொஞ்சம் கூடுதலாக யூடியூப் பார்ப்பவர் என்றால் 'ஜீரோ கலோரி' என்று எழுதிய ஒரு டப்பாவும் இருக்கும். "அப்பா, அந்த வெள்ளைச் சர்க்கரையைத் தூக்கிப் போடுங்க. இனிமே டீக்கு இதுதான்" என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ் ஏறிவிடுவார்கள்.

அப்பாவும் சொன்னபடியே செய்வார். இன்னும் சொல்லப்போனால், 'இது நல்லதாமே' என்று ஒரு ஸ்பூனுக்கு ஒன்றரை ஸ்பூனாகப் போட்டுக்கொள்வார். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வரும்போது எண் ஏறியிருக்கும். வீட்டில் யாருக்கும் காரணம் புரியாது.

பிள்ளைகளின் அக்கறையில் குறையே இல்லை. தப்பு கணக்கில் இருக்கிறது. சர்க்கரைக்குப் பதிலாக எதைப் போடலாம் என்ற கேள்விக்கு ஒரே ஒரு பொருளின் பெயரைப் பதிலாகச் சொல்ல முடியாது. எந்தப் பலகாரத்தில், யாருக்காக, எவ்வளவு அடிக்கடி என்று மூன்று கேள்விகளைக் கேட்ட பிறகுதான் கடைக்கே போக வேண்டும்.

பெயரில் தொடங்கும் குழப்பம்

காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்துப் பெரியவர்கள் வெள்ளைச் சர்க்கரையை 'அஸ்கா' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் இருக்கும் அஸ்கா என்ற ஊரின் பெயர் அது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே சர்க்கரை ஆலை இருந்தது. 1936 வரை அந்த மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்ததால், ஊர்ப் பெயரே சரக்கின் பெயராகி இங்கே வந்து சேர்ந்தது. தென் மாவட்டங்களில் அதுவே 'சீனி'. அப்படியானால் 'சர்க்கரை' எது? சர்க்கரைப் பொங்கலில் போடுவது வெல்லம். ஆக, பழைய பேச்சில் வெல்லமும் சர்க்கரைதான்.

இன்றைக்கு இது தலைகீழாகிவிட்டது. டாக்டர் "சர்க்கரையை நிறுத்துங்க" என்றால், வீட்டில் இருப்பவர்கள் காதில் "அஸ்காவை நிறுத்துங்க" என்றுதான் விழுகிறது. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாம் தப்பித்துக்கொள்கின்றன. இந்த ஒரு சொல் குழப்பத்தால் மட்டும் எத்தனை பேருடைய ரத்தச் சர்க்கரை ஏறியிருக்குமோ!

வேதியியல் என்ன சொல்கிறது? வெள்ளைச் சர்க்கரை கிட்டத்தட்ட முழுக்க சுக்ரோஸ். கரும்பு வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். மிச்சம் கொஞ்சம் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், ஈரம், தாது உப்புகள். 100 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் சுமார் 400 கலோரி என்றால் வெல்லத்தில் 350-க்கு மேல். பனங்கருப்பட்டியிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். குடலுக்குப் போனதும் இது பனையில் இருந்து வந்ததா, கரும்பில் இருந்து வந்ததா என்று உடம்பு விசாரித்துக்கொண்டு இருக்காது.

"ஆனா வெல்லத்துல இரும்புச் சத்து இருக்கே?" இருக்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணைப்படி 100 கிராம் வெல்லத்தில் ஏறக்குறைய 4.6 மில்லிகிராம். ஒரு டீக்குப் போடுவது 10 கிராம் என்று வைத்தால் அரை மில்லிகிராம்கூட வராது. பெண்களுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்று ஐசிஎம்ஆர் சொல்கிறது. ஒரு வேளை கம்பங்கூழ் குடித்தால் வெல்லத்தைவிடப் பல மடங்கு கிடைக்கும். இரும்புக்காக வெல்லம் சாப்பிடுவது, தண்ணீர் தாகத்துக்குத் தர்பூசணிக் கொட்டையை நக்குவதுபோல.

தேனில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அது சர்க்கரையைவிட அடர்த்தியானது. ஒரு டீஸ்பூன் சர்க்கரை நான்கைந்து கிராம்தான் நிற்கும், அதே ஸ்பூனில் தேன் ஏழு கிராம் நிற்கும். தேனில் சுமார் 80 சதவீதம் சர்க்கரைகள் என்பதால், ஸ்பூனுக்கு ஸ்பூன் கணக்குப் போட்டால் தேனில் வருவதுதான் அதிகம். (ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது என்பது தனி விஷயம். நாக்கில் தொட்டு வைப்பதும் சேர்த்துத்தான்.)

சுகர் இல்லாதவர்கள் வெல்லத்தின் ருசிக்காக, நிறத்துக்காக, மணத்துக்காகப் பயன்படுத்துவதில் எந்தத் தப்பும் இல்லை. பொங்கலுக்கு அஸ்காவைப் போட்டால் யார் சாப்பிடுவது? ஆனால் அதை மருந்தாக நினைத்துக் கூடுதலாகப் போடுவதுதான் ஆபத்து.

கிராமத்துக்கு வந்த கணக்கு

"சுகர் எல்லாம் டவுன்காரங்க வியாதி" என்ற பேச்சு காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் பொருந்தாது என்பது கொஞ்சம் முன்பே தெரிந்த விஷயம். சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2006-ல், அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த சூணாம்பேடு பகுதியில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. செயற்கைக்கோள் இணைப்புடன் ஒரு மருத்துவ வேன் 42 கிராமங்களைச் சுற்றி வந்தது. 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களுக்குப் பரிசோதனை நடந்தது. ஏறக்குறைய 5 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. பிறகு, 2011-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின் முதல் கட்ட முடிவில், தமிழ்நாட்டின் கிராமப்புறத்தில் மட்டும் 7.8 சதவீதம் என்று தெரியவந்தது. அதே ஆய்வின் 2023 முடிவுப்படி நாடு முழுக்க 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு, சுமார் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசல்படியில்.

இந்த வாசல்படிக்காரர்களைத்தான் மறந்துவிடுகிறோம். அவர்களுக்கு மாத்திரை இல்லை, அறிகுறி இல்லை, பயமும் இல்லை. அவர்கள் வீட்டுச் சமையல்தான் அடுத்த ஐந்து வருடத்தைத் தீர்மானிக்கும். அதில் பாதிப் பேர் இந்தக் கட்டுரையை போனில் படித்துக்கொண்டிருக்கும் வயதில் இருக்கலாம்.

தீபாவளி அதிரசமா, தினசரி டீயா?

வீட்டில் சுகர் என்றதும் முதலில் கை வைப்பது பண்டிகைப் பலகாரத்தில்தான். "இந்த வருஷம் அதிரசம் வேணாம்" என்று அம்மா அறிவித்துவிடுவார். அதே வீட்டில் காலை, பதினோரு மணி, சாயங்காலம் என்று மூன்று டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன். ஸ்பூனுக்கு 5 கிராம் என்றால் ஒரு நாளைக்கு 30 கிராம். மாதத்துக்கு 900 கிராம். வருடத்துக்கு ஏறக்குறைய 11 கிலோ. ஒரு அதிரசத்தில் 15 முதல் 20 கிராம் வெல்லம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், தீபாவளிக்கு ஐந்து சாப்பிட்டாலும் 100 கிராமைத் தாண்டாது.

அதற்காகச் சுகர் உள்ளவர் ஒரே உட்காரலில் ஐந்து அதிரசம் சாப்பிடலாம் என்று அர்த்தம் இல்லை. மாற்று இனிப்பைத் தேடத் தொடங்க வேண்டிய இடம் டீ டம்ளர் என்பதுதான் அர்த்தம். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் ஊர் மூன்று டீயே அதைத் தாண்டிவிடுகிறது, அதுவும் பிஸ்கட் இல்லாமல்.

நல்ல வேளையாக, மாற்று இனிப்பு பிரச்சினை இல்லாமல் வேலை செய்வதும் டீயில்தான். இதற்கு நம் ஊரிலேயே ஒரு ஆதாரம் இருக்கிறது. டாக்டர் வி. மோகனின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, டைப் 2 நீரிழிவு உள்ள 179 பேரிடம் 12 வாரம் நடத்திய சோதனையின் முடிவு 2024-ல் வெளியானது. ஒரு பிரிவினர் டீ, காபியில் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ் போட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் வழக்கம்போலச் சர்க்கரை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவில் இரு தரப்புக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் சுக்ரலோஸ் தரப்பில் எடையும் இடுப்புச் சுற்றளவும் கொஞ்சம் குறைந்தன.

இதை இரண்டு விதமாகவும் படிக்க வேண்டும். டீயில் ஒரு மாத்திரை போட்டுக் குடிப்பதால் சுகர் ஏறிவிடாது என்பது நிம்மதி. அதை மட்டும் செய்துவிட்டு சுகர் தானாக இறங்கிவிடும் என்று காத்திருந்தால் இறங்காது என்பது எச்சரிக்கை. ஏனென்றால் தட்டில் சோறு இருக்கிறது. பொன்னி அரிசிச் சோற்றின் கிளைசீமிக் இண்டெக்ஸ் 70-ஐ ஒட்டி வருகிறது. அதாவது ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் வேகத்தில் அது வெள்ளைச் சர்க்கரைக்கு இளைத்தது இல்லை. 'சுகர் ஃப்ரீ' சர்க்கரைப் பொங்கல் செய்தாலும் அதில் இருக்கும் அரிசி அரிசியேதான்.

டப்பாவின் முன்பக்கத்தை நம்ப வேண்டாம்

மருந்துக் கடையிலோ சூப்பர் மார்க்கெட்டிலோ கிடைக்கும் இனிப்பு டப்பாக்களில் முன்பக்கம் இலையும் பூவும் படமாக இருக்கும். விஷயம் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது. ஒரே கம்பெனியின் ஒரே பெயரில், நிறம் மட்டும் மாறி, உள்ளே வேறு வேறு பொருள்கள் வருவதுண்டு. அதனால் எண்ணைப் பார்ப்பது நல்லது. 951 என்றால் அஸ்பார்டேம். 955 சுக்ரலோஸ். 960 ஸ்டீவியா இலையிலிருந்து எடுத்தது. 954 சாக்கரின். 968 எரித்ரிட்டால். 965 மால்டிட்டால்.

இதில் சமையலுக்குத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் சூடு. அஸ்பார்டேம் அடுப்பைத் தாங்காது. கொதிக்கக் கொதிக்க இனிப்பு போய்விடும். பாயசத்தில் போட்டுவிட்டு "ஏமாத்திட்டான்" என்று கடைக்காரரைத் திட்டுவதில் பயனில்லை. அதை இறக்கி வைத்து ஆறிய பிறகு கலக்க வேண்டும். ஃபீனைல்கீட்டோனூரியா என்ற அரிய பிறவிக் கோளாறு உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது.

சுக்ரலோஸ் சூட்டைத் தாங்கும் என்றுதான் பல வருடங்களாகச் சொல்லி வந்தார்கள். இதைக் கண்டுபிடித்த கதையே சுவாரசியமானது. 1976-ல் லண்டனில் ஆராய்ச்சி மாணவராக இருந்த சசிகாந்த் பட்னிஸ் என்ற இந்தியரிடம் அந்த ரசாயனத்தைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். 'டெஸ்ட்' என்பது அவர் காதில் 'டேஸ்ட்' என்று விழ, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டார். சர்க்கரையைவிட சுமார் 600 மடங்கு இனிப்பு! இதே பட்னிஸ்கள் நம் வீட்டு லேப் எதிலும் இல்லாமல் இருப்பது நல்லது. சூட்டு விஷயத்துக்கு வந்தால், 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் சுக்ரலோஸ் சிதைந்து, குளோரின் கலந்த, உடலுக்குக் கெடுதலாக இருக்கக்கூடிய சேர்மங்கள் உருவாகலாம் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019-ல் எச்சரித்தது. டீ கொதிப்பது 100 டிகிரியில், பாயசமும் அப்படித்தான், அங்கே கவலை வேண்டாம். எண்ணெயில் பொரிப்பதும் ஓவனில் 180 டிகிரியில் வைப்பதும் வேறு கதை. அங்கே சுக்ரலோஸைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம்.

ஸ்டீவியா சூட்டைத் தாங்கும். 2015-ல் நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அதன் சாற்றுக்கு அனுமதி கொடுத்துவிட்டது. பிரச்சினை நாக்கில். அதிமதுரம் மென்றதுபோல ஒரு பின்கசப்பு தங்கும். பாலில் கொஞ்சம் மறையும், எலுமிச்சை ஜூஸில் மறையும், வெறும் கேசரியில் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு இடம் கவனிக்க வேண்டியது: பொடியாக வரும் இனிப்புகளில் எடைக்காக மால்டோடெக்ஸ்ட்ரின் அல்லது டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்திருப்பார்கள். இரண்டும் ரத்தச் சர்க்கரையை ஏற்றுபவை. ஒரு சின்னப் பொட்டலத்தில் இருப்பது ஒரு பொருட்டு இல்லை. கப் கணக்கில் அளந்து பலகாரத்துக்குப் போட்டால் அது பொருட்டாகிவிடும். 'மாங்க் ஃப்ரூட்' என்று விலை கூட்டி விற்கும் பொட்டலங்களிலும் பெரும்பகுதி எரித்ரிட்டாலாக இருப்பதுண்டு.

பாகு வராது

கடையில் வாங்கிய பொடியை வைத்து மைசூர்பாக்கு கிளற முயன்றவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கம்பிப் பதமே வராது. தண்ணீர் வற்றும், வாணலியில் ஒரு வெள்ளைப் பொருக்கு மிஞ்சும், அவ்வளவுதான்.

காரணம் எளிது. இனிப்பு என்பது சர்க்கரை செய்யும் பல வேலைகளில் ஒன்று மட்டுமே. தண்ணீரில் கரைந்து, சூடாகி, ஒட்டி, கம்பியாக இழுபட்டு, ஆறியதும் இறுகுவது அதன் இன்னொரு வேலை. ஒற்றைக் கம்பி, உருட்டுப் பதம், கல்லில் போட்டால் 'டங்' என்று சத்தம் வரும் கடலை மிட்டாய்ப் பதம் என்று நம் பாட்டிமார் தெர்மாமீட்டர் இல்லாமலே அளந்தது இந்த வேலையைத்தான். 600 மடங்கு இனிப்பான ஒரு பொருளை 600-இல் ஒரு பங்குதான் போட முடியும். அந்தச் சிட்டிகை எப்படி ஒரு படி மாவைக் கட்டிப் பிடிக்கும்? அதிரச மாவு நாலு நாள் ஊறிப் பதமாவதும், கெடாமல் இருப்பதும் பாகினால்தான்.

ஆகவே அதிரசம், மைசூர்பாக்கு, கடலை உருண்டை, ஜாங்கிரி ஆகியவற்றுக்கு மாற்று தேடுவது வீண் வேலை. அவற்றைச் சின்னதாகச் செய்து, எண்ணிச் சாப்பிடுவதுதான் வழி. உத்திரமேரூர் சந்தையில் அதிரசத்தைப் பூரி அளவுக்குத்தான் தட்ட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. நெல்லிக்காய் அளவு உருட்டித் தட்டினால் பாதி வெல்லத்தோடு ஆசை தீரும். சுகர் உள்ளவர் அதைச் சோற்றுக்கு மேல் சாப்பிடாமல், அந்த வேளை சோற்றைக் குறைத்துக்கொண்டு சாப்பிட வேண்டும்.

பாகு தேவைப்படாத இனிப்புகளில் நிலைமை வேறு. பாயசம், பால் கொழுக்கட்டைப் பால், கீர் போன்றவற்றில் சர்க்கரை ருசிக்காகத்தான் இருக்கிறது. பாதி சர்க்கரை, பாதி ஸ்டீவியா என்று போட்டால் கசப்பும் தெரியாது, இனிப்பும் குறையாது. அல்லது பேசாமல் முக்கால் பங்கு போட்டு ஏலக்காயைக் கொஞ்சம் தூக்கலாகத் தட்டிப் போடலாம். வெல்லத்துக்கு மாறுகிறவர்களுக்கு ஒரு சமையல் குறிப்பு: கொதிக்கும் பாலில் வெல்லத்தைப் போட்டால் திரிந்துவிடும். வெல்லத்தில் லேசான அமிலத்தன்மை உண்டு. இரண்டும் கொஞ்சம் ஆறிய பிறகு சேர்க்க வேண்டும்.

சர்க்கரைப் பொங்கலைப் பொறுத்தவரை, அரிசியைக் குறைத்துப் பாசிப்பருப்பைக் கூட்டுவது எந்த டப்பாவையும்விட நல்ல வேலை செய்யும். பொங்கல் தொகுப்பில் 1 கிலோ பச்சரிசியும் 1 கிலோ சர்க்கரையும் ஒரு முழுக் கரும்பும் வந்திருக்கின்றன என்பதற்காக எல்லாவற்றையும் அந்த வாரமே தீர்க்க வேண்டியது இல்லை.

கேக்கில் பாதிக் கிணறு

இப்போது சின்ன ஊர்களிலும் ஓவன் வந்துவிட்டது. கல்லூரி முடித்த பெண்கள் வீட்டிலிருந்தே பிறந்தநாள் கேக் செய்து, இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுக்கிறார்கள். அவர்களிடம் வரும் கேள்விகளில் ஒன்று: "அக்கா, சுகர் இல்லாம பண்ணித் தருவீங்களா?"

கேக்கில் சர்க்கரை வெண்ணெயோடு அடிபடும்போது காற்றைப் பிடித்து வைக்கிறது. ஈரத்தைக் காப்பாற்றுகிறது. மாவு சீக்கிரம் இறுகாமல் தடுக்கிறது. மேலே பொன்னிறம் கொடுப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. மொத்தமாக எடுத்துவிட்டு ஸ்டீவியா சொட்டு விட்டால் கிடைப்பது வெளிறிய, ரப்பர் போன்ற ஒரு ரொட்டி. ஆனால் ஒரு சாதாரண ரெசிபியில் சொல்லும் சர்க்கரையில் கால் பங்கைக் குறைத்தால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. இதற்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதே இல்லை. அதற்கு மேல் குறைக்க வேண்டுமென்றால்தான் மாற்று தேவை.

கேக்குக்கு ஓரளவு கைகொடுப்பது எரித்ரிட்டால். காரணம், அது சர்க்கரை மாதிரியே கல்கல்லாக, எடையோடு வருகிறது. சர்க்கரையின் இனிப்பில் சுமார் 70 சதவீதம், கலோரி மிகமிகக் குறைவு. பாதி சர்க்கரைக்கு மட்டும் இதைப் போட்டால் கேக் நிற்கும். முழுசாகப் போட்டால் ஆறியதும் நறநறவென்று படிகமாகும், நாக்கில் மிட்டாய் போல ஒரு குளிர்ச்சியும் வரும். பொன்னிறமும் வராது. ஆனால் 2023-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த ஆய்வு, ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்தும் அதிகம் இருந்ததாகச் சொன்னது. அதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. இருந்தாலும் நீரிழிவுக்காரர்களுக்கு ஏற்கெனவே இதயப் பயம் இருக்கும்போது, பிறந்தநாள் கேக்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தினமும் பாயசத்துக்குக் கப் கப்பாகக் கொட்டுவதற்கு அது பொருத்தமான சரக்கு இல்லை.

'சுகர் ஃப்ரீ' சாக்லேட், பிஸ்கட்டில் அதிகம் வரும் மால்டிட்டால் பற்றி ஒரு வரி போதும். அது ரத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றவே செய்யும், நிறையச் சாப்பிட்டால் பாத்ரூம் ஓட வைக்கும். வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் 967 என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும். அது சைலிட்டால், நாய்க்கு விஷம்.

வாழைப்பழம், பேரீச்சை அரைத்துப் போட்டுச் செய்யும் கேக்குகளும் பிரபலம். பழத்தோடு நார்ச்சத்தும் வருகிறது, ஈரமும் கிடைக்கிறது, நல்ல விஷயம். ஆனால் காய்ந்த பேரீச்சையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். அதைப் போட்டுவிட்டு 'சர்க்கரை இல்லாத கேக்' என்று விளம்பரம் செய்வது நியாயமில்லை.

இங்கே வீட்டு பேக்கர்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிப்படி 'சுகர் ஃப்ரீ' என்று சொல்ல வேண்டுமென்றால் 100 கிராம் பொருளில் சர்க்கரைகள் அரை கிராமைத் தாண்டக் கூடாது. தேனோ வெல்லமோ சேர்த்துவிட்டு 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று எழுதுவதற்கும் இடமில்லை. நாட்டுச் சர்க்கரை கேக்கை 'நாட்டுச் சர்க்கரை கேக்' என்றே விற்கலாம். அதற்கும் ஆள் இருக்கிறார்கள். அதை நம்பி ஒரு தாத்தா மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு, ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டும் எழுந்து எழுந்து போய்க்கொண்டும் இருக்கும் நிலை வரக் கூடாது. மைதாவும் இருக்கிறது என்பதை வாங்குபவரும் மறக்கக் கூடாது.

பயம் எவ்வளவு, உண்மை எவ்வளவு?

2023-ல் இரண்டு செய்திகள் வாட்ஸ்ஆப்பில் பறந்தன. மே மாதம், எடையைக் குறைப்பதற்காக இந்த இனிப்புகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. நீண்ட காலத்தில் எடையும் குறையவில்லை, வேறு சில ஆபத்துகளும் இருக்கலாம் என்பது அதன் வாதம். பறந்த ஃபார்வர்டுகளில் விட்டுப்போன ஒரு வரி: இந்தப் பரிந்துரை ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்குப் பொருந்தாது. ஜூலையில், அஸ்பார்டேம் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற '2பி' பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆதாரம் குறைவாக இருக்கும்போது வைக்கும் பட்டியல் அது. அதே நாளில் உணவுச் சேர்க்கை நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை பாதுகாப்பு என்ற பழைய அளவை மாற்றாமல் வைத்தது. 60 கிலோ உள்ள ஒருவருக்கு அது நாளைக்கு 2,400 மில்லிகிராம். டீக்கு ஒன்றிரண்டு மாத்திரை போடுபவர் அதன் பக்கத்தில்கூடப் போக மாட்டார்.

ஆக, சுகர் உள்ள அப்பாவுக்கு டீயில் ஒரு மாத்திரை: சரி. அதே வீட்டில் எட்டு வயசுப் பேத்திக்கும் அதே மாத்திரை: வேண்டாம். குழந்தைக்குத் தேவை குறைந்த இனிப்புக்குப் பழகிய நாக்கு. கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். சுகர் இல்லாத முப்பது வயசுக்காரருக்கு டப்பாவே தேவையில்லை. இரண்டு வாரத்துக்கு அரை ஸ்பூன் என்று குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு பழகிக்கொள்ளும். பத்து ரூபாய்கூடச் செலவில்லாத மாற்று அதுதான். விளம்பரம் செய்ய ஆள் இல்லாததால் யாரும் சொல்வதில்லை.

எது ஏற்றுகிறது, எது ஏற்றவில்லை என்பதில் வீட்டில் சண்டை வந்தால், கிளுக்கோமீட்டர் நடுவராக இருக்கட்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கருப்பட்டியின் உண்மை தெரிந்துவிடும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை கொண்டு வரும் தன்னார்வலரிடமும் கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டம், சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறது.

சர்க்கரையே இல்லாத வீடும் ஆபத்துதான்

கடைசியாக, யூடியூப் வீடியோக்களில் அதிகம் வராத ஒரு விஷயம். வீட்டிலிருந்து எல்லாச் சர்க்கரையையும் ஒழித்துவிட்டோம் என்று பெருமைப்படுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிமெபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் சில நேரம் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். வயலுக்குப் போய்விட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால், விரதம் இருந்தால், இரவு சரியாகச் சாப்பிடாமல் படுத்தால் இது நடக்கும். வியர்க்கும், கை நடுங்கும், படபடக்கும், பேச்சு குழறும். அளவு 70-க்குக் கீழே இருந்தால் உடனே 15 கிராம் குளுக்கோஸ் உள்ளே போக வேண்டும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாலும் சரி. 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்து, ஏறவில்லை என்றால் மறுபடியும் கொடுக்க வேண்டும். பிறகு ஏதாவது சாப்பிட வைக்க வேண்டும்.

அந்த நேரத்தில் ஸ்டீவியாவும் சுக்ரலோஸும் ஒரு பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு, கடை எதுவும் திறந்திராத ஊரில், அவசரத்தில் அம்மா கலக்கிக் கொடுப்பது 'ஜீரோ கலோரி' பொடி என்றால் என்ன ஆகும்? நாக்கு இனிக்கும், ரத்தத்தில் ஒன்றும் ஏறாது. வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் ஒரு படி கவனம் வேண்டும். அந்த மாத்திரைகள் சாதாரணச் சர்க்கரையும் வெல்லமும் உடைந்து ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அவர்களுக்குக் குளுக்கோஸ் பொடிதான் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

எனவே அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போகும்போது பையில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டும் இருக்கட்டும். அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில், இருட்டிலும் கைக்கு எட்டும் இடத்தில், தனி டப்பாவில் வைத்து, மேலே பெரிய எழுத்தில் 'லோ சுகருக்கு' என்று எழுதி ஒட்டுங்கள். பொடி இனிப்பு டப்பாவை வேறு அலமாரிக்கு மாற்றுங்கள். இரண்டும் வெள்ளையாக இருக்கும், ராத்திரியில் வித்தியாசம் தெரியாது.